கந்தகத்துக்கு எத்தனை பீக்?

கேள்வி (டோங்காட்): ஹெச்எஃப்-இல் (ஆக்சைடைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) கழுவி வைத்த சிலிக்கான் தட்டை மறுவாரம் எக்ஸ்பிஎஸ்-இல் (எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் கருவி) அளந்தேன். ஆக்சைடு தெரிகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவிக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரம் கடற்காற்றில் கிடந்த தட்டு வேறு எப்படி இருக்கும்? பிணைப்பு ஆற்றல் 99 எலக்ட்ரான் வோல்ட்டில் சிலிக்கானும் 103-இல் ஆக்சைடும் சேர்ந்தே தெரிந்தால் படலம் மெல்லியது. கழுவியவுடன் உள்ளே போடுங்கள்.

கேள்வி (லெனேசியா): ராமனில் (லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் முறை) என் ஒற்றை மூலக்கூறு அடுக்கு தெரியவில்லையே?

பதில்: தெரியாது. லேசர் ஏறக்குறைய ஒரு மைக்ரான் உள்ளே போகிறது, உங்கள் அடுக்கோ 2 நானோமீட்டர். அடியில் இருக்கும் சிலிக்கானின் 520 செ.மீ⁻¹ பீக்கைத்தான் பார்ப்பீர்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): தங்கத்தின் மேல் தயால் (கந்தகம் உள்ள கரிமச் சேர்மம்) படலம். எஸ் 2பி-க்கு, அதாவது எக்ஸ்பிஎஸ்-இல் கந்தகம் காட்டும் முகட்டுக்கு, மென்பொருள் 5 பீக் பொருத்தியது, கோடு அச்சாக ஒட்டுகிறது. ஐந்து வகைக் கந்தகம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். கந்தகத்தின் 2பி ஜோடியாகத்தான் வரும்: இடைவெளி 1.2 எலக்ட்ரான் வோல்ட், பரப்பு 2-க்கு 1. ஒற்றைப்படையில் 5 வந்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கோடு ஒட்டுவது பெரிய விஷயமில்லை. பீக்கைக் கூட்டிக்கொண்டே போனால் டிராக்கன்ஸ்பர்க் மலை வரிசைக்கே பொருத்திவிடலாம். இடைவெளியையும் விகிதத்தையும் பூட்டிவிட்டு ஒரு ஜோடியில் ஆரம்பியுங்கள். 162 எலக்ட்ரான் வோல்ட்டில் வருவது தங்கத்தோடு பிணைந்த கந்தகம். 164-க்குச் சற்றுக் கீழே இன்னொரு ஜோடி தேவைப்பட்டால் பிணையாத தயால் மிச்சம் இருக்கிறது, சரியாக அலசவில்லை. 168 பக்கம் எழும்பினால் படலம் பழசாகி ஆக்சிஜன் ஏறிவிட்டது. இந்த மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் முதலில் சாம்பிளைச் சந்தேகியுங்கள். மாணவனாக இருந்தபோது நானும் நாலாவது வகை ஒன்றைக் ‘கண்டுபிடித்தேன்’. படலம் போடாத வெறும் தங்கத்தை அளந்தபோது அதிலும் அது இருந்தது! ஆகவே வெறும் தட்டு ஒன்றையும் கட்டாயம் அளக்க வேண்டும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஆர்கான் அயனியால் செதுக்கியபின் டைட்டானியம் டை ஆக்சைடில் டைட்டானியம் 4+ ஆக இருக்க வேண்டிய இடத்தில் 3+ தெரிகிறது. படலத்தில் குறையா?

பதில்: செதுக்கியதால் வந்த குறை. அயனி அடியில் ஆக்சிஜன்தான் முதலில் கழன்று போகும். ஆழம் வாரியாகப் பார்க்க சாம்பிளைச் சாய்த்து அளக்கலாமே. 60 பாகை சாய்த்தால் பார்க்கும் ஆழம் பாதியாகிவிடும்.

கேள்வி (பீனிக்ஸ்): ஐடிஓ (மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு) மேற்பரப்பில் 102 அருகே சிலிக்கான் எங்கிருந்து வந்தது?

பதில்: எந்தப் பெட்டியில் அனுப்பினீர்கள் என்று எழுதவில்லை. அடியில் ஒட்டும் ஜெல் இருந்த பெட்டி என்றால் பெரும்பாலும் அந்த ஜெல்லிலிருந்து ஏறிய சிலிகோன்தான் (சிலிக்கான் உள்ள பாலிமர்). புதிதாகக் கழுவிய வெறும் ஐடிஓ இரண்டை எடுத்து, ஒன்றை அதே பெட்டியிலும் மற்றதைக் கண்ணாடிப் பெட்ரித் தட்டிலும் ஒரு நாள் வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள்.