குறுக்கு வலியும் ஊர்க் கொடையும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் முதுகைப் பற்றிப் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வயது 38. பம்பாய்ப் பக்கம் டோம்பிவிலியில் வீடு, பம்பாய் ஃபோர்ட்டில் கணக்கு வேலை. இரண்டு வருடமாகக் குறுக்கு வலி. முதலில் இடது காலில் கெண்டைக்கால்வரை இழுத்தது. அது இப்போது பெரும்பாலும் இல்லை, இடுப்பு மட்டும் விடாமல் கடுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை பிதுங்கியிருப்பது), தேய்மானம் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் பெல்ட் போட்டுக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் நடக்கச் சொல்கிறார். ஊருக்கு வந்து எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும் என்று அம்மா சொல்கிறார். பயத்தில் தண்ணீர் வாளி தூக்குவதையும் மகளைத் தூக்குவதையும் விட்டுவிட்டேன். “மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?” என்று மனைவி கேட்டால் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு வருடமும் ஊர்க் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, போகவில்லை. நாகர்கோவில்வரை இந்த முதுகோடு எப்படிப் போவது? சரியானதும் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எப்போது சரியாகும்?

எஸ்., டோம்பிவிலி

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை. இதே வலியோடு செம்பூரில் பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வலி முழுசாகப் போகும் நாளை யாரும் குறித்துத் தர முடியாது. போகலாம், போய்விட்டுத் திரும்பி வரவும் செய்யலாம். அந்த நாளுக்காக எதையும் தள்ளிப்போடாதீர்கள். கொடை உட்பட.

பயப்பட வேண்டியவை சில உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது. இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே காஷுவால்டிக்குப் போக வேண்டும். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி என்றால் முதுகெலும்பில் டிபி (காசநோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நம் நாட்டில் அது அரிதல்ல. அப்புறம், இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று: காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகிக் கிடந்து, நடமாட நடமாட இளகினால் அது டிஸ்க் சமாச்சாரமாக இல்லாமல் முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வரும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். அதற்கு ருமட்டாலஜிஸ்டை, மூட்டுவாத டாக்டரை, பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் ‘டிஸ்க்’ என்று நினைத்துக்கொண்டு பெல்ட்டோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் எம்.ஆர்.ஐ. கவரை மடித்து பீரோவில் வையுங்கள். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். நாற்பது வயதில் பாதிப் பேருக்கு பல்ஜ். எண்பதில் தேய்மானம் 96 சதவீதம். உங்கள் லோக்கல் ரயில் பெட்டியில் தாளம் தட்டி பஜனை பாடிக்கொண்டு போகிற கோஷ்டியை வரிசையாக ஸ்கேன் எடுத்தால் பலருக்கு உங்கள் ரிப்போர்ட்தான் வரும். உங்கள் வலி பொய் என்று சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை வைத்து வலியின் அளவையும் சொல்ல முடியாது, உங்கள் எதிர்காலத்தையும் சொல்ல முடியாது.

ஆபரேஷன் சொன்ன டாக்டரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: “கால் வலிக்கா, இடுப்பு வலிக்கா?” நரம்பை டிஸ்க் அழுத்துவதால் வரும் கால் வலிக்கு ஆபரேஷன் நல்ல வைத்தியம், சீக்கிரம் நிம்மதி தரும். நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் பொறுத்திருந்தவர்களும் அவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். உங்களுக்கோ கால் வலியே பெரும்பாலும் போய்விட்டது. வெறும் இடுப்புக் கடுப்புக்குக் கத்தி என்றால் நான் இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் தலையாட்ட மாட்டேன்.

படுத்திருக்கச் சொன்னதை விடுங்கள். ஏழு நாள் படுக்கைக்குப் பதில் இரண்டு நாளே போதும் என்று 1986-லேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நாள்பட்ட குறுக்கு வலிக்கு பெல்ட்டையும் எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதுதான் சரி. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024-ல் வந்தது. வலி வந்து தேறியவர்களை வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்வரை, மெல்லக் கூட்டி நடக்க வைத்தார்கள். சும்மா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் மறுபடி வலி வந்துவிட்டது, நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வர 208 நாள் ஆனது. செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதை யாரும் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

ஆனால் பம்பாயில் வலியைக் கூட்டும் இரண்டு விஷயங்கள் எந்த டாக்டரும் கேட்காதவை. ஒன்று லோக்கல் ரயில். “தோடா சரக்னா” (கொஞ்சம் நகருங்க) என்று கெஞ்சி வாங்கும் நாலாவது சீட்டைச் சொல்கிறேன். மூன்று பேர் பெஞ்சில் ஒரு பக்கப் புட்டம் மட்டும் பலகையில், மற்றது அந்தரத்தில், ஒரு காலை நடைவழியில் ஊன்றி, விழாமலிருக்க இடுப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். கல்யாணில் ஏறியவர் நகர்ந்து நமக்கு இடம் கொடுத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அது தெரியாது, கடைசி ஸ்டேஷன் சி.எஸ்.எம்.டி.யில் எழுந்திருக்கும்போதுதான் தெரியும். அதற்கு நிற்பது எவ்வளவோ மேல். டோம்பிவிலியிலிருந்தே கிளம்பும் வண்டிகள் உண்டு, பத்து நிமிடம் முன்னால் போனால் முழு சீட் கிடைக்கலாம். கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து நின்றுகொள்ளுங்கள்.

இன்னொன்று தண்ணீர். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். அப்போது குனிந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். நம் சால்களில் (வரிசை ஒண்டுக் குடித்தனங்களில்) குழாயில் தண்ணீர் வருவதோ விடியற்காலை. தூக்கக் கலக்கத்தில் எழுந்து, குழாயடியில் குனிந்து, நிறைந்த வாளியைத் திருகித் தூக்கி டிரம்மில் கவிழ்க்கிறோம். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்தது என்று 1998-லேயே ஓர் ஆய்வு சொன்னது. ஒரு டியூப் மாட்டி நேராக டிரம்முக்கு விடுங்கள். அது முடியாவிட்டால் அரை வாளி, உடம்போடு ஒட்டிப் பிடித்து.

சரி, நீங்கள் வாளி தூக்குவதை விட்டுவிட்டீர்கள். இப்போது தண்ணீர் பிடிப்பது யார்? கடிதத்தில் அது இல்லை. “ஆரம்பிச்சாச்சா” என்று கேட்கிறவர்தான் அந்த வாளிகளைத் தூக்குகிறார் என்று நினைக்கிறேன். நம் வலிக்கு மாவுக்கட்டும் கிடையாது, வீக்கமும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் முகத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், இரண்டு வருடம் ஊகித்தால் யாருக்கும் அலுத்துப்போகும். “வலிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இன்னிக்குத் தண்ணி என்னால ஆகாது, சாயங்காலம் பாத்திரம் நான் தேய்க்கறேன், நின்னுக்கிட்டே செய்யலாம்” என்று சொல்லிப் பாருங்கள். மகளையும் தூக்குங்கள். தரையிலிருந்து வேண்டாம், கட்டிலில் ஏறி நிற்கச் சொல்லி, அணைத்துத் தூக்குங்கள்.

அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சுகமாக இருக்கும். “விலகினதை ஏத்திவிடறேன்” என்று முதுகில் முழங்காலை வைக்கிற ஆட்களிடம் மட்டும் போக வேண்டாம்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஒன்றரை நாள் பயணம். அவ்வளவு நேரமும் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? லோயர் பர்த் போடுங்கள், மிடில் பர்த்தில் ஏறி இறங்கவும் அதில் நிமிரவும் முடியாது. மிடில் பர்த்தைத் தூக்கி மாட்டலாம் என்பது ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரைதான். பகலில் சாய்ந்து உட்காரலாம், மணிக்கொரு தரம் பெட்டிக்குள் நடக்கலாம். பெட்டி படுக்கையை ஏற்றி இறக்குவதைக் கூலியாளிடம் விட்டுவிடுங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. கொடைத் தேதியை அம்மாவிடம் இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.