லூப்புக்குள்ள நிறைஞ்ச மூட்டை, வெளிய வந்தா காலி

கேள்வி: அண்ணே, குமுளியில ஏலக்கா கடையில கணக்கு பாக்குறேன். எடை ஃபைல்ல எட்டு எம்எம் காய் இருக்கிற வரிய மட்டும் க்ரெப் கமாண்ட்ல தேடி எடுத்து, பைப் குறி போட்டு அத அடுத்த கமாண்டுக்கு அனுப்பி, வரி வரியா படிக்கிற வைல் ரீட் லூப்ல கூட்டுறேன். கமாண்ட் அடிக்கிற பேஷ் ஷெல் புள்ளி வச்ச நம்பரைக் கூட்டாதுன்னு எல்லாமே கிராம்லதான் இருக்கு. லூப்புக்குள்ள 49750, 99850, 149750னு அழகா ஏறுது, லூப்ப முடிக்கிற டன் தாண்டி வெளிய எக்கோ பண்ணி காட்டச் சொன்னா 0. எக்ஸ்போர்ட் போட்டும் பாத்துட்டேன். போடியில மச்சானோட மேக் டெர்மினல்ல இதே வரிய ஒட்டினா சரியா வருது, எப்படிண்ணே? இன்னொண்ணு, ஃபங்ஷனுக்குள்ள ஒரு வேரியபிளுக்கு எடைன்னு பேர் வச்சா வெளிய இருக்கிற எடையும் மாறிடுது.

பதில்: தம்பி, உன் கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல, பைப்தான் காரணம். பேஷ்ல பைப் போட்டா அந்தப் பக்கம் இருக்கிற லூப் தனி சப்ஷெல்ல, அதாவது உன் ஷெல்லோட ஒரு நகல்ல, ஓடும். கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து குடோன் பையன்கிட்ட குடுத்த மாதிரி, அவன் மூணு மூட்டையும் சரியா எழுதுறான், ஆனா வேலை முடிஞ்சதும் அந்தக் காகிதம் போயிடுது, உன் மேசையில இருக்கிற நோட்டுல நீ முதல்ல எழுதின 0 அப்படியே நிக்குது. எக்ஸ்போர்ட் பண்ணா மதிப்பு உன் ஷெல் கிளப்பிவிடுற கீழ இருக்கிற ப்ராசஸுக்குத்தான் போகும், மேல திரும்பி வராது, அதனால எத்தனை தடவை போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

நான் சொல்றத நம்பாத, நீயே பாத்துக்க. லூப்புக்குள்ள ஒரு தடவை, வெளிய ஒரு தடவை பேஷ்பிஐடி வேரியபிளை, அதாவது அப்ப ஓடுற ஷெல்லோட ப்ராசஸ் நம்பரை, எக்கோ பண்ணு, ரெண்டு நம்பரும் வேற வேறயா வரும். ரெட்டை டாலர் போட்டுப் பாக்காத, அது சப்ஷெல்லுக்குள்ளயும் அப்பன் ஷெல்லோட நம்பரையே காட்டும், நானே அத நம்பி ஒரு ராத்திரி முழுக்க வேற இடத்துல தேடிட்டு இருந்தேன்.

மச்சான் மேக்ல வர்றதுக்குக் காரணம், 2019ல வந்த கேட்டலினால இருந்து மேக்ல டீஃபால்ட் ஷெல் இஸட்ஷெல், அது பைப்போட கடைசித் துண்டை தன்கிட்டயே ஓட்டிக்கும். பேஷ்லயும் 2011ல வந்த 4.2 வெர்ஷன்ல லாஸ்ட்பைப்னு ஒரு ஆப்ஷன் வந்துச்சு, ஸ்க்ரிப்ட்டுக்குள்ள வேலை செய்யும், ஆனா வேலைகளை நிறுத்தி, பின்னால தள்ளி ஓட்டுற ஜாப் கன்ட்ரோல் ஆன்ல இருக்கிறதால டெர்மினல்ல அடிச்சா கேக்காது, அதனால நான் அத சொல்ல மாட்டேன்.

பைப்பையே தூக்கிடு. லூப் மொதல்ல வரட்டும், டன்னுக்கு அப்புறம் ஒரு லெஸ்தேன் குறி, ஒரு ஸ்பேஸ், மறுபடி லெஸ்தேன் குறி, அத ஒட்டியே ப்ராக்கெட்டுக்குள்ள உன் க்ரெப் கமாண்ட். அந்த ஸ்பேஸ விட்டுடாத, ஒட்டிட்டா அர்த்தமே வேற ஆயிடும். இப்ப தனியா ஓடுறது க்ரெப் மட்டும்தான், கூட்டல் உன் நோட்டுலயே நடக்கும்.

ரெண்டாவது கேள்வி நேர் எதிரான விஷயம், அங்க மதிப்பு வெளிய வரல, இங்க வெளிய கசியுது. பேஷ்ல ஃபங்ஷனுக்குள்ள வைக்கிற பேரும் குளோபல்தான், அதாவது வெளியயும் பொது, லோக்கல்னு முன்னால போட்டாத்தான் உள்ள நிக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, அந்த ஃபங்ஷன் கூப்பிடுற இன்னொரு ஃபங்ஷனுக்கும் அந்த லோக்கல் பேரு தெரியும், அதுவும் எடைன்னே எழுதினா இதுதான் மாறும், ரெண்டுலயும் லோக்கல் போடு.

மாத்தின பிறகு ஸ்க்ரிப்ட்ட பேஷ்னு சொல்லியே ஓட்டு. உபுண்டு லினக்ஸ்ல எஸ்ஹெச்னு ஓட்டினா அது டேஷ்ங்கிற வேற ஷெல், அந்த டன் வரியில சின்டாக்ஸ் எரர்னு நின்னுடும்.