காய்ச்சலோடு வரும் அழுகை

கேள்வி: ஃப்ளூ வந்தபோது யாரைப் பார்த்தாலும் எரிச்சல், காரணமே இல்லாமல் அழுகை. காய்ச்சல் விட்டும் நாலு நாள் அப்படியே இருந்தேன். என் மனசுதான் பலவீனமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பலவீனமே இல்லை, அம்மா. கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள், தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ள சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகிய சைட்டோகைன்களின் தகவல் மூளைக்கும் போகிறது. வயிற்றிலிருந்து மேலே ஏறும் வேகஸ் நரம்பு அதற்கு ஒரு வழி, மூளை ரத்தக்குழாய்களின் சுவர் இன்னொரு வழி. தகவல் போனதும் பசி அடங்கும், உடம்பு அசதியாகும், ஆட்களைப் பார்க்கவே பிடிக்காது. காய்ச்சலை மூட்டுவதற்கு நிறைய சக்தி வேண்டும். அதை மிச்சம் பிடிக்கத்தான் உடம்பு இப்படி ஒடுங்குகிறது என்று 1988-ல் கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட் விளக்கினார்.

கிருமியே வேண்டாம், சைட்டோகைன் மட்டும் போதும் என்பதற்கு இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன் ஊசி சாட்சி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு அதை வாரம் ஒன்றாக 24 அல்லது 48 வாரம் போட்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. மனநிலையைச் சீராக்க உதவும் செரோட்டோனினைத் தயாரிக்கத் தேவையான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை, அழற்சி நேரத்தில் (அதாவது சைட்டோகைன்கள் கூடி உடம்பு எதிர்ப்பில் இறங்கும்போது) ஐ.டி.ஓ. என்ற என்சைம் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாற்றும் பக்கம் திருப்பிவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கேள்வி: அப்படியானால் மனச்சோர்வுக்கு அழற்சி குறைக்கும் மருந்து எடுக்கலாமா? ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை உதவுமா? – வாசகர், மதுரை

பதில்: நீங்களாக எடுக்கவே கூடாது. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பாருங்கள். மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரில் பாதிப் பேருக்கு, டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை எடை கிலோவுக்கு 5 மி.கி. வீதம் மூன்று முறை ஏற்றினார்கள். மொத்தமாகக் கணக்கிட்டால், மருந்தில்லா திரவம் ஏற்றியவர்களைவிட முன்னேற்றம் இல்லை. சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மி.கி.-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு வெறும் திரவமே மேலாக அமைந்தது! ஆகவே எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதில்லை.

சி.ஆர்.பி. மனச்சோர்வைக் காட்டும் பரிசோதனையும் அல்ல. ஈறு வீங்கியிருந்தாலும், சளி பிடித்திருந்தாலும் ஏறிவிடும். உடல் பருமனாலும் கூடும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் சளி, காய்ச்சல் முழுதும் தீர்ந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். காய்ச்சல் போயும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தேறாவிட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். சாகத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணுக்கு அழையுங்கள்.