ஓர்க் அப்பாவும் ஆற்றோடு போன பிள்ளையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமை வருஷக்கணக்கில் ஆடியவன். அந்தக் கேமை வைத்து எடுத்த ‘வார்கிராஃப்ட்’ படத்தைப் போன ஞாயிறு வீட்டில் போட்டான். அவன் கண்கலங்கப் பார்த்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பாதியிலேயே தூக்கம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் ஏன் இப்படி?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் மகனுக்கு அது தெரிந்த ஊர் அம்மா. லோதார் என்ற வீரன் அயர்ன்ஃபோர்ஜிலிருந்து கிரிஃபின் என்ற சிறகு முளைத்த மிருகத்தின் மேல் ஏறி ஸ்டார்ம்விண்டுக்குப் பறந்து வருகிறானே, அந்த வழியில் உங்கள் மகன் எத்தனையோ ராத்திரி பறந்திருப்பான். இன்னொரு இடத்தில் தண்ணீரில் மீனும் தவளையும் கலந்த மாதிரி ஒரு ஜந்து தலைகாட்டிக் களகளவென்று கத்தும். அதற்கு மர்லாக் என்று பேர். ஆட்டம் பழகும் காலத்தில் அதனிடம் அடிவாங்காதவர்கள் குறைவு. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே அவனுக்குப் பழைய நாளெல்லாம் திரும்பி வந்திருக்கும். உங்களுக்கு வர வழியே இல்லை.

பாகூர் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே துரியோதனனே ஆனாலும் சடாரென்று வந்து வசனம் பேசிவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்று வேஷக்காரர் தன் பெருமையைப் பாடுவார். கட்டியக்காரன் அவரை நிறுத்தி, நீர் யார், எந்த ஊர், வந்த சேதி என்ன என்று கேட்டு வாங்குவான். பாரதக் கதை தெரிந்த சனத்துக்கே அத்தனை அறிமுகம். இந்தப் படத்திலோ அஸெராத், டிரேனார், டலரான், கராஸான், கிரின் டோர், ஃபெல் என்று பேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. கேட்டுச் சொல்ல ஆளில்லை. டலரான் என்ற நகரம் வானத்தில் மிதக்கிறது. ஏன் மிதக்கிறது, யார் ஊர் அது என்று யோசிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. தூக்கம் வந்தது உங்கள் குற்றமில்லை.

ஆனாலும் இன்னொரு தடவை பாருங்கள் என்று வற்புறுத்துவேன். இந்த முறை மனிதர்களை விட்டுவிட்டு, டூரோட்டான் என்ற ஓர்க்கையும் (மனிதரோடு மோதும் ராட்சத இனம் அது) அவன் மனைவி டிராக்காவையும் மட்டும் தொடர்ந்து போங்கள். சொந்த உலகம் செத்துக்கொண்டிருக்கிறது. நிறைமாத வயிற்றோடு அவள் மாயவாசலைக் கடந்து வேற்று உலகத்துக்கு வருகிறாள். வந்த இடத்தில் பிரசவம். குழந்தை அழவில்லை. குல்டான் என்ற மந்திரக்காரன் பக்கத்தில் நிற்கும் மானின் உயிரை உறிஞ்சிக் குழந்தைக்குள் ஊதுகிறான். பிள்ளை அழுகிறது, உடம்பில் பச்சை ஏறுகிறது. தன் பிள்ளையைக் காப்பாற்றிய அதே வித்தைதான் தன் மண்ணையும் சாகடித்தது என்று அந்தத் தகப்பனுக்குப் பிறகு புரிகிறது. கோரைப்பல்லும் தோள்வரை தொங்கும் ஜடையுமாக இருக்கும் அந்த முகத்தில் சந்தேகம் மெல்ல மெல்லப் படிவதைப் பாருங்கள். நடித்தவர் டோபி கெபல். முகமெல்லாம் புள்ளி வைத்து, தலையில் கேமரா மாட்டிக்கொண்டு அவர் நடித்ததை ஐ.எல்.எம். என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் ஓர்க் முகமாக மாற்றினார்கள். கடைசியில் டிராக்கா கைக்குழந்தையைக் கூடையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேமின் சரித்திரம் ஒரு வரி தெரியாமலே நான் அழுதேன்.

கேமில் ஆடுகிறவர்தான் வாளை எடுக்கிறார், வழியைத் தேடுகிறார், தோற்கிறார். படமாகும்போது அந்த வேலை முழுக்க அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதற்கு ஈடாகப் படம் தர வேண்டியது நாம் கூடவே போகிற மாதிரி ஓர் ஆளின் கஷ்டம். டைரக்டர் டங்கன் ஜோன்ஸுக்கு இது தெரிந்திருந்தது. 2013-இல் பொறுப்பேற்றதும், மனிதர் நல்லவர், ஓர்க் கெட்டவர் என்றிருந்த பழைய திரைக்கதையை மாற்றி இரண்டு பக்கத்திலும் நாயகரை வைத்தார். 1994-இல் வந்த முதல் வார்கிராஃப்ட் கேமிலேயே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்று ஆடலாம் என்பதால் அது சரியான முடிவு. ஆனால் மனிதர் பக்கம் அரசன், தளபதி, காவல் மந்திரவாதி, அவனிடம் வந்து சேரும் இளைஞன் என்று நாலு பேரைப் போட்டு யார் மீதும் மனசு நிற்கவிடாமல் செய்துவிட்டார்கள். ஓர்க் வீட்டுக்குக் கிடைத்த அக்கறையில் பாதி அங்கேயும் கிடைத்திருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

கேள்வி: ‘வார்கிராஃப்ட்’ படத்தை 16 கோடி டாலரில் எடுத்து உலகம் முழுக்க சுமார் 44 கோடி வசூலித்தும் அதற்கு ஏன் இரண்டாம் பாகம் வரவில்லை?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வசூல் முழுவதும் தயாரிப்பாளர் கைக்கு வருவதில்லை. தியேட்டர்காரர் பங்கு போக வேண்டும், விளம்பரச் செலவு தனி. இந்தப் படத்துக்கு சுமார் 22 கோடி டாலர், அதாவது பாதி, சீனாவிலிருந்து வந்தது. அங்கே வெளிநாட்டுப் படத்துக்குக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு 25 தான். அமெரிக்கா, கனடா இரண்டும் சேர்ந்து 5 கோடியைக்கூடத் தொடவில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள், விடை தெரியும்.

கேள்வி: கேமை உருவாக்கியவரே டைரக்ட் செய்தால் இந்தப் பிரச்சினை வராது அல்லவா?
— கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வரும் தம்பி. ‘ஃபைனல் ஃபேண்டஸி’ கேமை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியே 2001-இல் அந்தப் பேரில் முழுநீள கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் எடுத்தார். ஹவாயில் தனி ஸ்டுடியோவே அமைத்தார்கள். நாயகி ஆக்கியின் தலையில் சுமார் 60,000 முடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். 13.7 கோடி டாலர் செலவு, வசூல் 8.5 கோடி. ஸ்டுடியோவை மூடினார்கள்.

அந்த முடியைச் செய்த கைகளை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் கேமின் மந்திரமும் படிகங்களும் படத்தில் இல்லை. பாழடைந்த பூமி, வேற்றுக்கிரக ஆவிகள் என்று கதை வேறெங்கோ போனது. கேம் ரசிகருக்கு அது அந்நியமாகத் தெரிந்தது, புதிதாக வந்தவருக்கோ ஆக்கியிடம் மனசு ஒட்டவில்லை. உருவாக்கியவர் என்ற உரிமை வேறு, இரண்டு மணி நேரம் ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கும் தொழில் வேறு.

கேள்வி: ‘ஆர்கேன்’ தொடரை கேம் ஆடாமலே பார்த்தேன். எல்லாம் புரிந்தது. தொடர் என்பதால் நேரம் நிறைய இருந்ததுதான் காரணமா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதல் சீசனில் ஒன்பது எபிசோடு இருந்தது, அது உதவியதுதான். ஆனால் எனக்குத் தோன்றும் காரணம் வேறு. தொடருக்கு மூலமான ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேம் ஐந்து பேர் ஓர் அணியாக நின்று மோதும் ஆட்டம். அதில் கதை கொஞ்சம்தான். வை, ஜிங்ஸ் இருவரும் அக்கா தங்கை என்பதே ஜாடைமாடையாகத்தான் இருந்தது. அதனால் பாரிஸின் ஃபோர்டிஷ் ஸ்டுடியோவுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. அக்காவுக்கு உதவப் போய்ச் சொந்த மனிதர்களையே கொன்றுவிடும் சின்னப்பெண் பவுடர் (பிறகு ஜிங்ஸ் ஆகிறவள் இவள்தான்), அவளை அந்த ஆத்திரத்தில் அடித்துவிடும் அக்கா. இந்த ஒரு காயத்தை வைத்தே தொடர் முழுக்க ஓடுகிறது. பில்ட்ஓவர், ஸான் என்ற இரண்டு ஊர்களின் பகையை இந்த இருவர் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். வார்கிராஃப்டுக்கு இருந்த தொல்லை நேர் எதிர். இருபது வருஷத்துச் சரித்திரம் கையில் இருந்தது. எதை விடுவது என்று மனசு வரவில்லை.

கேள்வி: ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ கேமையும் நடிகர்களை வைத்துப் படமாக்குகிறார்களாமே, எப்படி வரும்?
— பள்ளி மாணவன், நெல்லிக்குப்பம்

பதில்: 2023 நவம்பரில் நிண்டெண்டோ அறிவித்தது. வெஸ் பால் டைரக்டர். எனக்கு ஒரே கவலைதான் கண்ணா. 1986-இல் முதல் கேம் வந்த நாளிலிருந்து நாயகன் லிங்க் வாய்திறந்து பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவார்கள், அவன் கேட்டுக்கொள்வான். பேச வேண்டியதை ஆடுகிறவர்கள் தங்கள் மனசுக்குள் பேசிக்கொண்டார்கள். நீயும் பேசியிருப்பாய். படத்தில் அவனுக்கு எப்படிப்பட்ட குரல் கொடுத்தாலும் அது நீ நினைத்த குரலாக இருக்காது. அதனால் அவனைக் குறைவாகப் பேசவிட்டு, இளவரசி செல்டாவைக் கதை சொல்லவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன். படம் வந்ததும் பார்த்துவிட்டு எழுது, கட்டாயம் பதில் போடுகிறேன்.