நிறுத்தியதற்கு அபராதம்: கட்டுவதா, மறுப்பதா?

கேள்வி: கோவை கிராஸ்கட் சாலையில் ஜவுளிக் கடை வாசலில் அம்மாவை இறக்கிவிடக் காரை நிறுத்தினேன். வீடு வந்து சேருமுன் 500 ரூபாய் அபராதக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அங்கே தடைப் பலகையே இல்லை. எதிர்த்து வாதாடலாமா?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: பலகை இல்லை என்பது மட்டுமே போதுமான வாதமாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 122-ஆம் பிரிவில், பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி வண்டியை நிறுத்துவதையே தடுக்கிறது. அதற்குப் பலகை தேவையில்லை. எனவே முதலில் மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகன் இணையதளத்தில் சலானை (அபராதச் சீட்டை)த் திறந்து, அதிலுள்ள படத்தைப் பாருங்கள். வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றில் பிழை இருந்தாலோ, படத்தில் இருப்பது உங்கள் காரே இல்லை என்றாலோ, தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள். (எண் பலகையில் ஓர் எழுத்து மாறிப்போவது அவ்வளவு அபூர்வமன்று.) படம் உங்களுக்கு எதிராகப் பேசினால், அம்மாவை இறக்கிவிட்டேன் என்ற விளக்கம் நியாயமாகவே இருந்தாலும், வழக்கு நீதிமன்றம் சென்றால் கோபியிலிருந்து கோவைக்கு வந்துபோகும் செலவும் வேலை கெடும் நாளும் 500 ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால், கட்டிவிடுவதே என் யோசனை. ஆனால் அவசரப்பட்டுக் கட்டிவிட்டுப் பிறகு வாதாட நினைக்காதீர்கள். பணம் கட்டியதும் சமரசத் தீர்வாகி விவகாரம் முடிந்துவிடும். 177-ஆம் பிரிவின்படி அடுத்த முறை அபராதம் 1,500 ரூபாய் வரை போகலாம்.