புறநகரில் பெரிய வீடா, நகரத்துக்குள் ஒற்றை அறையா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள்

24 வயது, முதல் வேலை. ஒரே வாடகைக்குப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடும் அமைகிறது, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையும் அமைகிறது, எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தனி ஆள், சொந்த வண்டி கிடையாது, ரயிலிலும் பஸ்ஸிலும்தான் போய்வருவீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குடும்பத்தோடு இருப்பவர் என்றால் நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

இந்தக் கேள்வியைக் கேட்டால் சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "சின்ன வயசு, சிட்டிக்குள்ளேயே இரு" என்பார்கள், இல்லாவிட்டால் "தள்ளிப் போய் நிம்மதியா இரு" என்பார்கள். எனக்கும் இரண்டையும் சொன்னார்கள். ஏழு வருஷத்தில் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். முதல் இரண்டரை வருஷம் புறநகர், அடுத்த இரண்டு வருஷம் நகரத்தின் நடு மையம்.

கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்கும் கான்கிரீட் கணக்கும் போட்டு வரைபடம் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர்ந்த புதிதில் புறநகர் வீட்டைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இரண்டு அறை, காற்று வரும் பால்கனி, ஜன்னலைத் திறந்தால் வானம். மேப்பில் போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரம் என்று காட்டியது. ஒரு மணி நேரம்தானே, ரயிலில் படித்துக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி வந்தது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. ரயில் 46 நிமிஷம், பஸ் 14 நிமிஷம், அவ்வளவுதான் அந்தக் கணக்கில் இருந்தது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்க 15 நிமிஷம், பிளாட்பாரத்தில் நிற்பது 8, இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருப்பது 12. ஒரு மாதம் முழுக்க சின்ன நோட்டில் எழுதிவைத்தேன், வீட்டுக் கதவைப் பூட்டும் நேரமும் ஆபீஸ் மேசையில் பையை வைக்கும் நேரமும். சராசரி 95 நிமிஷம் வந்தது. ஒரு மழை நாளில் 2 மணி 25 நிமிஷம். போக வர சேர்த்து, 22 வேலை நாளுக்கு மாதம் கிட்டத்தட்ட 70 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

இதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. எனக்குப் பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். மாலை 8.35 ரயிலை விட்டால் அடுத்தது 9.40. அதில் போனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை 1.2 கிலோமீட்டரை பத்தரை மணிக்கு மேல் தனியாக நடக்கவேண்டும். அந்தத் தெருவில் 17 விளக்குக் கம்பங்கள். ஏழாவதிலிருந்து பத்தாவது வரை நான்கும் எரியாது, நான் இருந்த இரண்டரை வருஷத்தில் ஒரு நாள்கூட எரிந்ததில்லை. "இதுக்கெல்லாம் பயந்தா எப்படி வேலை பாக்கறது" என்று யாராவது கேட்கக்கூடும். அந்த நான்கு கம்பங்களுக்கு நடுவே கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான், அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆக 8.05-க்கு நான் ஆபீஸ் படி இறங்கியாகணும். எட்டு மணி ஆனதும் பையின் ஜிப்பை மெதுவாக இழுப்பேன், சத்தம் கேட்கக்கூடாது என்று.

ஒரு நாள் ஏழரை மணிக்குக் கட்டுமான இடத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை கான்கிரீட் போடவேண்டிய தளம். கழிவுநீர்க் குழாய் ஒன்று நேராக ஒரு பீமைத் துளைத்துக்கொண்டு போகிறது, அதுவும் தூணுக்கு ரொம்பப் பக்கத்தில். தூணை ஒட்டிய இடத்தில்தான் பீமைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசை அதிகம், அங்கே துளை போடுவது ஆகாத காரியம். குழாயை நகர்த்துவதா, பீமை மாற்றுவதா, கம்பியை எப்படித் திருப்புவது என்று ராத்திரிக்குள் முடிவு செய்து வரைபடம் அனுப்பவேண்டும். எங்கள் சீனியர் எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டு, டிரேசிங் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐந்து. கிளம்பிவிட்டேன். "பாத்துப் போம்மா" என்றுதான் அவர் சொன்னார், கோபமே இல்லை.

மறுநாள் காலை அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. பென்சில் கோடுகள், அழித்த கோடுகள், ஓரத்தில் மூன்று பேருடைய கையெழுத்தில் கணக்குகள். துளையை நடுப்பகுதிக்குத் தள்ளி, இரண்டு பக்கமும் கூடுதல் வளையக் கம்பி கொடுத்திருந்தார்கள். விடை எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் எந்தெந்த யோசனையை எடுத்து, எதற்காக அடித்தார்கள் என்பது அந்தத் தாளில் இல்லை. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பையன் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் இப்படி எத்தனையோ சாயங்காலங்கள். ஒரு வருஷம் கழித்து பெரிய கட்டடம் ஒன்று வந்தபோது அவனைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. யாரும் என்னை ஒதுக்கியதாக நான் சொல்லமாட்டேன். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அது தெரிந்துகொள்ளும் நேரத்தில் நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன்.

வேலை நேரம் முடிந்த பிறகு கற்றுக்கொடுக்கும் அலுவலகமே தப்பு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முதல் வேலையில் இருப்பவரால் அலுவலகத்தின் வழக்கத்தை மாற்ற முடியாது. வீட்டைத்தான் மாற்ற முடியும்.

அந்த ரயிலில் நின்றுகொண்டே இதைப் பற்றி நிறையப் படித்தேன். 1964-ல் வில்லியம் அலோன்சோ என்ற பொருளாதார அறிஞர் எழுதிய விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை. மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நில மதிப்பு குறையும், அந்தச் சேமிப்பு பயணச் செலவுக்கு ஈடாகும் என்பது அதன் சாரம். இந்தக் கணக்குச் சரியாக இருந்தால் தூரத்தில் இருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும் ஒரே அளவு திருப்தியோடு இருக்கவேண்டும். புருனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இருவர் ஜெர்மனியில் பல வருஷமாக எடுக்கப்பட்ட குடும்ப ஆய்வுத் தரவுகளை வைத்துப் பார்த்து, 2008-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்படி இல்லை, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைகிறது, குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அதை முழுசாக ஈடு செய்வதில்லை என்று வந்தது. அதைப் படித்தபோது நான் சோம்பேறி இல்லை என்று ஒரு ஆறுதல் வந்தது. அதுவரைக்கும், எல்லாரும்தானே போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலுப்பு என்று என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு நேரடியாக உதவும். போக்குவரத்துத் திட்டம் போடுபவர்கள் காத்திருக்கும் ஒரு நிமிஷத்தை, வண்டிக்குள் போகும் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். மனிதர்களுக்கு அது அவ்வளவு பாரமாகத் தெரிகிறது என்பதால்தான். என் 95 நிமிஷத்தில் காத்திருந்தது மட்டும் 20. ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளில் அந்த 46 நிமிஷம் எனக்கு வலிக்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற 12 நிமிஷம்தான் தினமும் உயிரை எடுத்தது.

அப்புறம் நகரத்துக்குள் மாறினேன். ஆபீசுக்கு நடந்து 11 நிமிஷம், ஒற்றை அறை. முதல் ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தைவிட அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறையின் ஒரே ஜன்னல் பெரிய சாலையைப் பார்த்து இருந்தது. ராத்திரி சாலைச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. என் போனில் அளந்தால் ராத்திரி ஒரு மணிக்கு 64 காட்டியது. போன் கருவி துல்லியமானதல்ல, தெரியும். ஆனாலும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியது துல்லியமான விஷயம்தான். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு வருஷமும் எனக்குத் தெரியாது. புறநகர் வீட்டில் மாடியில் இருந்த அக்கா, என் காலடிச் சத்தம் சந்தில் கேட்டதும் பால்கனி விளக்கைப் போடுவார். நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை அணைக்கமாட்டார். அவரை நான் நினைக்காத நாள் இல்லை.

அந்த அறையில் இருந்தபோதுதான் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. நான் இருக்கும் நகரத்தில்தான் நல்ல மருத்துவர் கிடைத்தார். சொட்டு மருந்து நேரத்துக்கு விடவேண்டும், குனியக்கூடாது, தூசி படக்கூடாது. என் அறையில் ஒரு கட்டில் போக மிச்சம் இருந்தது ஒரு ஆள் நடக்கும் இடம். அந்தத் தூசியிலும் சத்தத்திலும் அவரை எப்படிப் படுக்கவைப்பது? அதனால் அம்மா சித்தி வீட்டில் தங்கினார். நான் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னார். புறநகர் வீட்டின் இரண்டாவது அறை இரண்டரை வருஷம் காலியாகக் கிடந்து, தேவைப்பட்ட நேரத்தில் கையில் இல்லாமல் போனது.

சொல்ல வந்ததை விட்டு ஒரு நிமிஷம் விலகுகிறேன், ஏனென்றால் இதுவும் உங்களுக்கு நடக்கும். அந்த அறையைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் முன்பணத்தில் கணிசமாகப் பிடித்துக்கொண்டார். காரணம், சுவரில் இரண்டு ஆணித் துளை. காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. முழு அறைக்கும் வெள்ளையடிக்கும் செலவு என் தலையில். அந்தத் துளைகளில் ஒன்று நான் வருவதற்கு முன்பே இருந்தது, நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எந்த வீடு எடுத்தாலும் சாவி வாங்கிய அன்றே நான்கு சுவரையும், குழாய்களையும், தரையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பெரிய சண்டைக்காரி என்று நினைத்தாலும் நினைக்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இரண்டரை வருஷமாக நான் இருப்பது இரண்டுக்கும் நடுவில். மூன்றாவது தடவை வீடு தேடியபோது தூரத்தைப் பார்க்கவே இல்லை. ஆபீசுக்கு நடந்து போகும் தூரத்தில் எந்த ஸ்டேஷன் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு ரயில் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயும் வண்டி மாறக்கூடாது, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் இருக்கவேண்டும், இறங்கியபின் நடக்கும் தெருவில் கடைகள் திறந்திருக்கவேண்டும். இந்த மூன்றும் அமைந்தது பத்தாவது ஸ்டேஷனில். ரயில் 28 நிமிஷம், கதவிலிருந்து மேசை வரை 45. ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, வாடகையும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, அதனால் தூரம் பரவாயில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால், அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆபீஸ் வழக்கம் ஒரு மின்னஞ்சலில் மாறிவிடும், வாடகை ஒப்பந்தம் அப்படி மாறாது. முதல் வீட்டுக்கு எவ்வளவு குறைந்த காலம் ஒப்புக்கொள்வார்களோ அவ்வளவு குறைந்த காலத்துக்கே போடுங்கள்.

புறநகரில் இருப்பவர்கள் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஐந்தரைக்கு வேலை முடிந்து ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக முடிந்தால் நானே அந்தப் பால்கனி வீட்டை விட்டிருக்கமாட்டேன். நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தாகவேண்டும் என்றால், வேலை கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு வருஷத்துக்கு ஒற்றை அறை, என் பதில் அதுதான். சாலைப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையாகப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீடு பார்க்கப் போகாதீர்கள், அப்போது எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு செவ்வாயோ புதனோ, ஆபீஸ் வாசலில் இருந்து எட்டரை மணிக்குக் கிளம்பி அந்த வீட்டுக் கதவு வரை போய்ப் பாருங்கள். எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இறங்கும் ஸ்டேஷனில் கடைசி வண்டி எப்போது என்று கேளுங்கள். விளக்குக் கம்பங்களை எண்ணுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் அறுவை. இந்தத் தடவை என் வீட்டில்தான் இருக்கப்போகிறார். படுக்கையறை ஜன்னலுக்கு ஏற்கெனவே கனமான திரை வாங்கிப் போட்டுவிட்டேன்.