வாசகர் கேள்வி: அப்பா, மகன், இரண்டு லைட்

கேள்வி: ஐயா, பினாங்கு லைட் ஸ்திரீட்டின் பெயரும், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை அமைத்த லைட்டின் பெயரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆமாம்மா, அப்பாவும் மகனும்தான். அப்பா பிரான்சிஸ் லைட், இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்காரர், கடற்படையில் இருந்துவிட்டு வணிகத்துக்கு வந்தவர், 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஆனால் கதையை அதோடு முடித்துவிடக் கூடாது. சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிராகக் கம்பெனியின் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் தீவைக் கொடுத்தார், கிழக்கிந்தியக் கம்பெனியோ அந்த உதவியைச் செய்யவே இல்லை. தீவைத் திரும்பப் பெற சுல்தான் எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் படை திரட்டியபோது லைட் அதை அடித்துக் கலைத்தார், அப்புறம் 1791இல் கம்பெனி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் கொடுப்பது என்று ஒப்பந்தம். எனக்கு இது இன்றும் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது, நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரான்சிஸ் லைட் 1794இல் மலேரியாவில் இறந்தார், கல்லறை ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது.

மகன் வில்லியம் கெடாவில் பிறந்தவர், தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளர், அடிலெய்டுக்கு இடம் பார்த்துத் தெருக்களையும் சுற்றிலும் பூங்காக்களையும் திட்டமிட்டவர். 1839இல் காசநோயால் இறந்த அவரை அந்த நகரத்தின் லைட் சதுக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஜார்ஜ்டவுனின் கோட்டை கார்ன்வாலிஸில் நிற்கும் லைட் சிலை அப்பாவுடையது.